சுவிஸ் புகலிட விசாரணை: துணைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புகலிடம் கேட்டு வந்திருந்த பெண் ஒருவருக்கு இரண்டு இளைஞர்கள் விசாரணையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கடைசியில் எல்லாவற்றையும் திருப்பி வாசிப்பார்கள், அக்கா. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போதும்" என்றார் ஒருவர். எனக்குப் பகீரென்றது. இதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குப் போவது, போலிக் கடிதம் கொடுக்காமலிருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மறுவாசிப்பைச் சடங்காக எண்ணுவது

அகதி என்பதை நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் நம்பத்தகுந்த விதத்திலாவது காட்ட வேண்டும் என்கிறது சுவிஸ் புகலிடச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. முக்கிய விடயங்களில் முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் நம்பத்தகாதது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம்மவர்கள் பலரிடம் ஆவணம் இருக்காது, வாய்மொழிதான் சாட்சி. அந்த வாய்மொழியும் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்ட பதிவாகத்தான் கோப்புக்குள் போகிறது. முடிவில் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைக்க வேண்டும்.

2011இல் வன்னியிலிருந்து வந்த ஒரு பையனுக்குத் துணையாகப் போனேன். முதல் சுருக்க விசாரணையில், கூடப்பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள் என்று சொல்லியிருந்தான். பெரிய விசாரணையில், "அண்ணாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது" என்றான். அவன் சொன்னது பெரியம்மா மகனை. ஒரே வளவுக்குள் வளர்ந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவான்? பதிவில் 'ப்ரூடர்' என்று, அதாவது கூடப்பிறந்த சகோதரன் என்று ஜெர்மனில் ஏறிவிட்டது. மறுவாசிப்பில் அந்தச் சொல் மறுபடி 'அண்ணா' ஆகி அவன் காதில் விழுந்தது. தான் சொன்னதுதானே, தலையாட்டினான். மாலை ஆறு மணி. மத்தியானம் தின்ற பாண் துண்டோடு இருந்தவன் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டான். கையெழுத்துப் போடச் சொல்லிக் கண் காட்டியது நான்தான்.

குடும்ப விவரத்தில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசுகிறார், ஆகவே நம்ப முடியாது என்று நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களை எடுப்பித்து, மேன்முறையீட்டில் அந்த ஒரு சொல்லை விளக்கி முடிக்க இரண்டு வருடம் போனது. இன்றும் நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

ஆகவே முறைப்பெயரை மட்டும் சொல்லி நிறுத்த விடாதீர்கள். 'அம்மாவின் அக்கா மகன்', 'அப்பாவின் தம்பி' என்று வழியைச் சொல்லப் பழக்குங்கள். 'இயக்கம்' என்ற சொல்லும் அப்படித்தான்: இயக்கத்துக்குச் சோறு கொடுத்ததும் இயக்கத்தில் இருந்ததும் ஒன்றல்ல. 'பிடித்தார்கள்' என்றால் கைதா, கடத்தலா, சுற்றிவளைப்பா? மறுவாசிப்பில் சந்தேகம் வந்தால், "அங்கே எந்தச் சொல் எழுதியிருக்கிறது?" என்று கேட்கலாம், திருத்தலாம். களைத்துப்போனால் இடைவேளை கேட்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமும் கேட்டேன்: "அண்ணா என்றீர்களே, அவர் யார்?" சித்தப்பா மகனாம். இளைஞர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மற்றவரின் கதையைக் கடன் கொடுப்பது

கூடவே கூடாது.

சட்டப் பிரதிநிதியை ஒதுக்கிவிட்டு நாமே வழிநடத்துவது

2019 மார்ச் 1 முதல், கூட்டாட்சிப் புகலிட மையங்களில் இருப்பவர்களுக்கு இலவசச் சட்டப் பிரதிநிதி உண்டு. நமக்குத் தெரிந்ததை விசாரணைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எஸ் அனுமதிக்கு மனு எழுதுவது

எஸ் என்பது தற்காலிகப் பாதுகாப்பு. அது ஒரு கூட்டத்தாருக்கென்று அரசே திறப்பது. 2022 மார்ச்சில் உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்காக முதன்முறையாகத் திறந்தார்கள். நம் மனுவுக்காகத் திறக்காது.

எஃப் அட்டை என்றதும் கடிதத்தை மூடிவைப்பது

எஃப் என்பது தற்காலிகமாகத் தங்க விடும் அட்டை. அகதியாக ஏற்கப்படாவிட்டாலும் திருப்பி அனுப்ப முடியாதவர்களுக்கும் எஃப்தான். நாட்டைவிட்டு வந்த பிறகு செய்தவற்றால் மட்டும் அகதியானவர்களுக்கும் எஃப்தான். பின்னவர்கள் அகதியாக ஏற்கப்பட்டவர்கள், புகலிடம்தான் கிடையாது. உரிமைகள் வேறுபடும். கடிதத்தைக் கடைசிவரி வரை படியுங்கள்.

காலக்கெடுவை ஊகிப்பது

சென்ட் காலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய, டப்ளின் முடிவென்றால் (உங்கள் மனுவை வேறொரு ஐரோப்பிய நாடுதான் விசாரிக்க வேண்டும் என்ற முடிவு) 5 வேலை நாள், விரைவு நடைமுறையில் நிராகரித்தால் 7 வேலை நாள், விரிவான நடைமுறையில் 30 நாள். கடிதம் வெள்ளிக்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமையே சட்டப் பிரதிநிதிக்குத் தொலைபேசி எடுங்கள்.