இங்கிலாந்தில் பைக் வாங்கும் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போகிறவர், வலப்பக்கம் ஓட்ட வேண்டுமே என்ற பயத்தில் முதல் நாளிலிருந்தே ஜாக்கிரதையாக இருப்பார். இங்கிலாந்துக்கு வருபவருக்கு அந்தப் பயம் வருவதில்லை. இங்கேயும் இடப்பக்கம்தான். கடையில் நிற்பதோ ஒரகடத்தில் செய்த ராயல் என்ஃபீல்டு. எல்லாம் பழகின மாதிரி இருக்கிறது, அதனால் எதையும் விசாரிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். பத்து வருடமாக லண்டனில் வண்டி ஓட்டுகிறேன். நம்மவர்கள் மாட்டிக்கொள்வதை நான் பார்த்தது எல்லாமே இந்தப் பழகின இடத்தில்தான்.

முதலில் லைசென்ஸ். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம் ஓட்டலாம். அந்த 12 மாதம் நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஓடுகிறது. நடுவில் ஊருக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியாலும் இந்தக் கெடுவை நீட்ட முடியாது. உங்கள் லைசென்ஸில் கியர் பைக்குக்கான வகை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் மட்டும் இருந்தால் பைக் ஓட்ட முடியாது.

கெடு முடிந்தபின் கற்பவருக்கான லைசென்ஸ் எடுத்து, சி.பி.டி. என்ற அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும், 2 வருடம் செல்லும். அதை வைத்து 125 சிசி வரைதான் ஓட்டலாம், எல் போர்டு கட்டாயம், மோட்டர்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. ஊரில் பத்து வருடம் புல்லட் ஓட்டியவருக்கு இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கிளாசிக் 350-க்கு இங்கே ஏ2 என்ற நடுத்தர சக்தி பைக்குக்கான லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தியரித் தேர்வும் இரண்டு ஓட்டுத் தேர்வும் உண்டு. எல் போர்டு வண்டியில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் லாக்புக் என்ற பதிவு ஆவணத்தை நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். அது உரிமைப் பத்திரம் அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. வண்டியின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று சில பவுண்டு செலவழித்துத் தேடிப் பாருங்கள். எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசம். வருடா வருடம் எத்தனை மைல் ஓடியது என்று அதில் இருக்கும், மீட்டரைத் திருப்பியிருந்தால் தெரிந்துவிடும். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது, நீங்கள் புதிதாகக் கட்டிய பிறகே வண்டியைத் தெருவில் இறக்கலாம். லண்டனில் என்றால் 2007 ஜூலைக்கு முந்தைய பைக்கை யோசித்து வாங்குங்கள். பலவற்றுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம் விழும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆறு வாரம் ஊருக்குப் போனேன். வண்டிதான் ஓடவில்லையே என்று இன்சூரன்ஸை நிறுத்திவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், தபால் குவியலுக்கு நடுவில் 100 பவுண்டு அபராதக் கடிதம். சும்மா நிற்கும் வண்டிக்கும் இங்கே இன்சூரன்ஸ் வேண்டும். வேண்டாம் என்றால் வண்டி சாலையில் இல்லை என்று முறைப்படி அறிவித்து, பொதுத் தெருவிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

ஓட்டும்போது பழக்கம்தான் பெரிய ஆபத்து. ஊரில் ஹெட்லைட்டை அடித்தால் 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். ஈஸ்ட் ஹாமில் ஒரு சந்திலிருந்து கார் ஒன்று மூக்கை நீட்டியது. வழக்கம்போல இரண்டு தரம் லைட் அடித்தேன். அந்த ஓட்டுநர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு நேராக என் முன்னால் வந்துவிட்டார்! 'நீங்கள் போங்கள்' என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்றபோது அவருடைய கதவுக்கும் என் முன் சக்கரத்துக்கும் ஒரு கை அகலம் இருந்திருக்கும். அன்றோடு லைட் அடிப்பதை விட்டேன்.

சிக்னலில் கார்களுக்கு நடுவே மெதுவாக முன்னே போகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கோட்டுக்கு முன்னால் சைக்கிள் படம் வரைந்த கட்டம் இருந்தால், சிவப்பு விளக்கில் அதற்குள் போய் நிற்கக் கூடாது. 100 பவுண்டு அபராதம் போகும், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளியும் ஏறும். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஊரில் முந்திக்கொண்டு நுழைபவருக்கே வழி என்பதால், இது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும்.

ஊரிலிருந்து ஹெல்மெட் கொண்டுவராதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருந்தால் இங்கே செல்லாது. பூட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சைடு லாக் மட்டும் போட்ட வண்டியை இரண்டு பேர் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கனமான செயினை அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

படிக்க வந்த தம்பி தங்கைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டாதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, டெலிவரி ஆப் வேலை பொதுவாகச் சுயதொழிலில்தான் சேரும். சாதாரண பைக் இன்சூரன்ஸ் டெலிவரிக்குச் செல்லாது, அதற்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டும் 6 புள்ளியும், வண்டியையும் எடுத்துக்கொண்டு போகலாம். விசா போனால் வீட்டில் வாங்கிய கடனை எப்படி அடைப்பீர்கள்?

அப்புறம் குளிர்காலம். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஈர இலையும் இரும்பு மேன்ஹோல் மூடியும் சோப்பு மாதிரி வழுக்கும். பனிக்காகச் சாலையில் தூவும் உப்பு செயினையும் நட்டுகளையும் அரித்துவிடும். வீடு திரும்பியதும் பச்சைத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், உப்பின் வேலையை அது வேகப்படுத்தும்.