தேடுதல் உத்தரவு கேட்கும் மனுவில் எதிராளியின் பேராவையும் எழுதுங்கள்

அட்வகேட் கமிஷனரை (எதிராளியின் இடத்தைத் தேட கோர்ட் நியமிக்கும் வக்கீலை) அனுப்பச் சொல்லும் மனுவை ஜூனியர்கள் திருத்தக் கொண்டுவந்தால், முதலில் ஒரு பேராவைத்தான் தேடுவேன்: "பிரதிவாதி இப்போது கோர்ட்டில் இருந்தால் என்ன சொல்வார்?" அநேகமாக அது இருக்காது.

போலி டிரேட்மார்க் வழக்கில் முன்கூட்டியே நோட்டீஸ் போனால் சரக்கு ராத்திரியோடு ராத்திரியாக குடோன் மாறிவிடும். அதனால்தான் 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 135-வது பிரிவு, எதிர்தரப்பைக் கேட்காமலே ஆதாரங்களைப் பாதுகாக்கும் உத்தரவுக்கு இடம் தருகிறது. அவர் இல்லாத இடத்தில் அவருக்காகவும் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு மசாலாப் பொடி வழக்கு. கட்சிக்காரரின் பழைய ஃபைலில், மூன்று வருஷத்துக்கு முன் எதிராளி அனுப்பிய பதில் நோட்டீஸ் இருந்தது. "அப்பா காலத்திலிருந்து இந்தப் பெயரில்தான் விற்கிறோம்" என்று எழுதியிருந்தார். "அதை வைக்காதீங்க மேடம், நம்ம கேஸ் வீக்காயிடும்" என்றார் கட்சிக்காரர். நானும் விட்டுவிட்டேன். உத்தரவு கிடைத்தது, கமிஷனர் போனார், மூட்டைகளுக்கு சீல் வைத்தார். அடுத்த வாய்தாவில் எதிர்தரப்பு வக்கீல் ஒரு தபால் அட்டையை மட்டும் நீட்டினார். அந்தப் பதில் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கான அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு. அதில் என் கட்சிக்காரரின் கடை முத்திரை. நீதிபதி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உத்தரவு அன்றே ரத்து. தெரிந்தே தவறான தகவல் தந்து வாங்கிய தடையுத்தரவை ரத்து செய்யச் சொல்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39, ரூல் 4.

ஆகவே கட்சிக்காரரை உட்காரவைத்துத் துருவிக் கேளுங்கள். போலி விஷயம் முதலில் எப்போது தெரிந்தது? எதிராளி முன்பு உங்கள் டீலரா? வேறு கோர்ட்டில் வழக்கு உண்டா? டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியின் ஆட்சேபத்துக்குக் கட்சிக்காரர் கொடுத்த பதிலை நீங்களே இணையத்தில் எடுத்துப் படியுங்கள். "எங்கள் பெயர் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது" என்று அன்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று அதே மாதிரிப் பெயரைப் போலி என்பவர்கள் உண்டு. "எனக்குத் தெரியாது" என்பதும் காப்பாற்றாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தின் பிரிங்க்ஸ் மேட் வழக்குத் தீர்ப்பு.

கிடைத்ததை 140-ம் பக்க இணைப்பில் புதைக்காதீர்கள். அபிடவிட்டின் (சத்தியப் பிரமாண வாக்குமூலத்தின்) உடலிலேயே, எதிராளி சொல்லக்கூடிய வலுவோடு எழுதுங்கள். வாதத்தின்போது வாய்விட்டும் சொல்லுங்கள்.

"ஆதாரத்தை அழித்துவிடுவார் என அஞ்சுகிறேன்" என்ற ஒற்றை வரி போதாது. 1975-ல் ஆன்டன் பில்லர் வழக்கில் இங்கிலாந்து அப்பீல் கோர்ட் கேட்டதும் இதுதான்: அழிக்கும் அபாயம் நிஜமானதா? பில் போடாமல் விற்றாரா, போர்டை மாற்றினாரா என்று நடந்ததை எழுதுங்கள். பெயர்பெற்ற பழைய கடை, ஒழுங்காகக் கணக்கு வைப்பவர் என்றால் அதையும் எழுதுங்கள்.

தேடப்போகும் இடம் வீடா, கடையா என்பதையும் மறைக்கக் கூடாது. 1992-ல் லண்டனில் ஒரு நீதிபதி கடுமையாகக் கண்டித்த தேடுதலில், காலை ஏழேகால் மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தவர், குழந்தைகள் படுக்கையில் இருக்க, தனியாக இருந்த ஒரு பெண். வீடு என்றால் யார் யார் இருப்பார்கள் என்று சொல்லி, பெண் கமிஷனரையும் பகல் நேரத்தையும் நீங்களே கேளுங்கள்.

தடையுத்தரவும் சேர்ந்து கிடைத்தால் ஆர்டர் 39, ரூல் 3-ன்படி மனு, அபிடவிட், ஆவணங்களின் நகலை எதிராளிக்கு உடனே அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான அபிடவிட்டைத் தாக்கல் செய்யுங்கள். அந்தக் கட்டில் பதில் நோட்டீஸும் இருக்கிறதா என்று அனுப்புமுன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.