முதலில் நடை, அப்புறம் கீபோர்டு

மும்பை மாதுங்காவில், ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலையில் நடக்கும் பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிதாகக் கீபோர்டு, மிருதங்கம், சிலம்பம் என்று எதையாவது பழகுகிறீர்களா? நடை முடிந்த கையோடு அதைப் பழகுங்கள். வயதானால் கற்கும் வேகம்தான் குறையும், கற்கும் திறன் போய்விடாது.

25 நிமிடம் நடந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரம் 6 நாள் நடந்தால், 65 தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடமும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து, மூச்சு அடங்கியதும் கீபோர்டில் சரளி வரிசையில் (கர்நாடக இசையின் ஆரம்பப் பாடம்) ஒரே ஒரு வரி. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும் இடத்தில்தான் கை தடுமாறும். முழு வரியையும் திரும்ப வாசிக்காமல், அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் மெதுவாக வாசியுங்கள். பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்காருவதைவிட, தினமும் கொஞ்சம் வாசித்தால்தான் விரலில் நன்றாகப் பதியும். இரவுத் தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பழகியது மூளையில் நிலைக்க அது வேண்டும்.

முழங்கால் வலியோ இதய நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மழைக்காலத்தில் பார்க் வேண்டாம், வழுக்கும். கட்டட வராந்தாவிலேயே நடக்கலாம்.