‘செரேனுஸ்’: தெளிந்த வானத்துக்கான லத்தீன் சொல்லைக் கையாள்வது எப்படி?

லத்தீன் அகராதியில் இந்தச் சொல் ‘செரேனுஸ், -ஆ, -உம்’ என்று இருக்கும். மேகமற்ற, தெளிந்த என்று பொருள். மூன்றும் முறையே ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத நடுப்பால். அழுத்தம் ‘ரே’யின் மேல் விழும்.

முதலில் வேரை மனத்தில் இருத்துங்கள். கிரேக்கத்தில் ‘க்ஸேரோஸ்’ என்றால் உலர்ந்தது. செரேனுஸ் அதற்கு உறவு என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தெருமுனைக் கடையில் நாம் எடுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லே மூலம்; திரவ மை இல்லாத உலர் நகல் அது. ஈரம் வற்றிய வானம் என்று நினைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

அடுத்து, பெயர்ச்சொல்லின் பாலைப் பாருங்கள், ஓசையைப் பார்க்காதீர்கள். பகல் ஆண்பால்: தியேஸ் செரேனுஸ். இரவு பெண்பால்: நோக்ஸ் செரேனா. வானம் நடுப்பால்: கைலும் செரேனும்.

பிறகு எண்ணும் வேற்றுமையும். இங்கேதான் நான் இரண்டு நாள் சிக்கிக்கொண்டேன். உழவைப் பாடும் ‘ஜார்ஜிக்ஸ்’ முதல் நூலில் ரோமானியக் கவிஞர் வெர்ஜில், ஈரமான கோடையையும் ‘ஹியெமேஸ் செரேனாஸ்’, அதாவது தெளிந்த குளிர்காலங்களையும் வேண்டிக்கொள்ளுமாறு உழவர்களிடம் சொல்கிறார். ‘ஹியெமேஸ்’ எழுவாயாகவும் வரும், செயப்படுபொருளாகவும் வரும், வடிவம் ஒன்றே. நான் எழுவாயாக எடுத்துக்கொண்டு குழம்பினேன். விடை பெயரடையில் இருந்தது. எழுவாயாக இருந்தால் ‘செரேனாய்’ என்று வந்திருக்கும்; ‘செரேனாஸ்’ என்பதால் இரண்டாம் வேற்றுமைப் பன்மை. தமிழில் ‘தெளிந்த’ எதன் முன் நின்றாலும் மாறாது. அதனால் பெயரடையின் ஈற்றைப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. லத்தீனில் பெயர்ச்சொல் மறைப்பதைப் பெயரடை காட்டிக்கொடுக்கும்.

‘கைலோ செரேனோ’ என்ற தொடரும் அடிக்கடி வரும். ‘வானம் தெளிந்திருக்க’ என்று செயவென் எச்சமாகப் படியுங்கள், போதும். வானம் தெளிந்திருக்க இடி இடித்தால் ரோமானியர் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார்கள்.

பொருள் தேட 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியையே பரிந்துரைப்பேன், எடுத்துக்காட்டுகள் ஏராளம். ஈறுகளுக்கு இணையக் கருவிகள் வேண்டாம். அவை எல்லாச் சாத்தியங்களையும் ஒன்றாகக் கொட்டிவிடும். அட்டவணையைக் கையால் எழுதிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ‘தியேஸ்’ பெண்பாலாகவும் வருகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டார். வரும், பெரும்பாலும் கெடு நாள், குறித்த நாள் என்னும்போது. வானிலை சொல்லும்போது ‘தியேஸ் செரேனுஸ்’ என்றே எழுதுங்கள்.