ஆல்பத்துக்கு முன் வரும் பாடல்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ராக் குழு புதிய ஆல்பத்தை அறிவித்துவிட்டு, அதிலிருந்து ஒரு பாடலை மட்டும் முன்கூட்டியே வெளியிடும்போது, இரண்டுக்கும் நடுவில் ரசிகர்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கின்றன. இசை ரசிகனுக்கு இதைவிடச் சுவையான காலம் இல்லை என்றே நான் சொல்வேன். ஆல்பம் வந்துவிட்டால் அந்தப் பாடல் பத்துப் பன்னிரண்டு பாடல்களில் ஒன்றாகிவிடும். அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பது காதில் பதிந்துவிடும், பிறகு நாம் விரும்பினாலும் அதைத் தனியாகக் கேட்க முடியாது. இப்படி ஒரே ஒருமுறை வாய்க்கும் இந்த இடைவெளி பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகளிலும் வதந்திகளிலும் கழிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

தவறுகளில் பெரியது, ஒரே பாடலை வைத்து முழு ஆல்பத்தையும் எடைபோடுவது. முதலில் வெளிவரும் பாடல் ஆல்பத்தின் சராசரி அன்று. அது ஏதோ ஒரு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வானொலியில் எளிதாக ஒலிபரப்பக்கூடியது என்பதற்காகச் சில நேரம் தேர்ந்தெடுப்பார்கள்; பழைய பாணியை விட்டுவிட்டோம் என்று அறிவிப்பதற்காகவே சில நேரம் மிக வித்தியாசமான பாடலை முன்னே அனுப்புவார்கள். யூ2 குழு 1991 அக்டோபரில் ‘தி ஃப்ளை’ பாடலை வெளியிட்டபோது நடந்தது இரண்டாவது வகை. கரகரப்பான கிட்டாரும் உருமாற்றப்பட்ட குரலும் கொண்ட அந்தப் பாடலைக் கேட்டவர்கள், அடுத்த மாதம் வந்த ‘ஆக்டங் பேபி’ முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தால், அதே ஆல்பத்தில் ‘ஒன்’ போன்ற மென்மையான பாடலை எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள். ‘ஒன்’ பாடல்தான் பின்னாளில் அந்தக் குழுவின் மிகப் பெரிய பாடல்களில் ஒன்றானது.

மிகையான புகழ்ச்சியும் இதே தவறின் மறுபக்கம்தான். முதல் பாடல் பிரமாதமாக இருக்கிறது, எனவே இது அவர்களின் தலைசிறந்த ஆல்பம் என்று வெளியீட்டுக்கு ஐந்து வாரம் முன்பே எழுதிவைப்பவர்கள், ஆல்பம் வந்த நாளில் தம் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே கேட்கத் தொடங்குகிறார்கள். அப்போது செவி திறந்திருப்பதில்லை. முதல் பாடல் மட்டுமே ஆல்பத்துக்கு வழி என்பதும் இல்லை: ரேடியோஹெட் 2000-இல் ‘கிட் ஏ’ ஆல்பத்தை எந்தப் பாடலையும் சிங்கிளாக, அதாவது தனிப் பாடலாக, வெளியிடாமலேயே கொண்டுவந்தது. ஆக, சிங்கிள் என்பது குழுவும் நிறுவனமும் எடுக்கும் ஒரு முடிவு. “ஏன் இந்தப் பாடலை முதலில் விட்டார்கள்?” என்ற கேள்வியில், “ஆல்பம் தேறுமா?” என்ற கேள்வியைவிடப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

அடுத்த தவறு, எந்த வடிவத்தைக் கேட்டோம் என்பதைச் சொல்லாமலே கருத்துச் சொல்வது. மேடையில் யாரோ கைபேசியில் பதிந்தது, பல ஆண்டுகளுக்கு முன் செய்த டெமோ (முன்னோட்டப் பதிவு), வானொலிக்காகச் சுருக்கியது, ஆல்பத்தில் வரப்போகும் முழு வடிவம் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள். பிங்க் ஃபிளாய்ட் குழு ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பை 1972 ஜனவரி முதலே மேடைகளில் வாசித்துவந்தது; ஆல்பம் வெளியானது 1973 மார்ச்சில். இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அது பெரிதும் மாறியது. தொடக்கத்தில் பயணத்தைக் குறிக்கும் பகுதி கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்த ஒரு நீண்ட வாசிப்பாக இருந்தது. ஆல்பத்தில் அந்த இடத்தைப் பிடித்தது சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் ஓடும் ஒரு சுழற்சி. மரணத்தைப் பற்றிய பகுதியில் முதலில் ஆர்கன் இசையும் சமய வாசகங்களும்தான் இருந்தன. இன்று எல்லாரும் அந்தப் பகுதியின் உயிராகக் கருதும் பாடகி கிளேர் டோரியின் குரல், 1973 ஜனவரியில், அதாவது வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பதிவானது. 1972-இன் மேடைப் பதிவை மட்டும் வைத்து அந்த ஆல்பத்தைப் பற்றி ஒருவர் உறுதியாகப் பேசியிருந்தால், அவர் பேசியது இன்னும் பிறக்காத ஒன்றைப் பற்றி.

இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. ரேடியோஹெட்டின் ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ 1995-இலேயே மேடையேறிவிட்டது. அக்காலத்தில் அது கிட்டாரோடு பாடப்பட்ட பாடல். ஸ்டுடியோ வடிவம் 2016-இல் வந்தபோது கிட்டார் போய் பியானோ வந்திருந்தது. வேகமும் உணர்ச்சியும் வேறாகியிருந்தன. இருபது ஆண்டுகள் பழைய வடிவத்தோடு வாழ்ந்துவிட்ட ரசிகருக்குப் புதியது அந்நியமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் “பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று சொல்வதும், “எனக்குப் பழைய வடிவம் பழகிவிட்டது” என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் நேர்மையான கூற்று, அதற்குத்தான் மற்றவர் மறுமொழி சொல்லவும் முடியும்.

மேடையில் முதன்முறை கேட்கும்போது கூட்டம் காட்டும் எதிர்வினையையும் சான்றாகக் கொள்ளக் கூடாது. லெட் ஸெப்பெலின் குழு ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலை 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் ஹாலில் முதலில் வாசித்தது. ஆல்பம் வர நவம்பர் ஆயிற்று. அன்று கூட்டம் சலித்துப்போய், தெரிந்த பாடல் எப்போது வரும் என்று காத்திருந்ததாக பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். எட்டு நிமிடம் ஓடும், மெதுவாக ஏறும் ஒரு பாடல் முதல் கேட்பிலேயே பிடிபட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பாடலுக்கு இழைக்கும் அநீதி. இது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றும் எண்ணம்: வெளியான பத்தாவது நிமிடத்தில் எழுதப்படும் கருத்து பெரும்பாலும் பாடலைப் பற்றியதாக இருப்பதில்லை, எதிர்பார்ப்பைப் பற்றியதாகத்தான் இருக்கிறது.

ஒலித்தரம் பற்றிய பேச்சில் தவறுகள் இன்னும் நுட்பமானவை. ஒரே பதிவை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, ஒன்றைச் சற்றே கூடுதல் சத்தத்தில் வைத்தால், பெரும்பாலோர் சத்தமானதையே நல்ல பதிவு என்பார்கள். பழைய ஆல்பத்தின் பாடலையும் புதியதையும் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்தாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகள் பாடல்களின் சத்தத்தைத் தாமாகவே சமன்செய்வதுண்டு என்பதையும், காணொளித் தளத்தில் கேட்பதும் செயலியில் கேட்பதும் ஒரே அளவில் வராமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு “பேஸ் இல்லவே இல்லை” என்று எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்த ஒலிபெருக்கியால் அந்தத் தாழ்ந்த சுரங்களை எழுப்பவே முடியாது.

குறை உண்மையாகவே இருந்தாலும், அது யாருடையது என்று தெரியாமல் பெயர் சொல்வது தவறு. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ 2008-இல் வந்தபோது, மெல்லியதும் உரத்ததும் ஒரே சத்தமாகும்படி ஒலி அளவுக்கு மீறி நசுக்கப்பட்டிருப்பதாக ரசிகர்கள் கொதித்தார்கள். ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் அவ்வளவு நசுங்காமல் ஒலித்ததை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டியது சரியான வேலை. ஆனால் பழி மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை) செய்த டெட் ஜென்சன் மீது போனபோது, தன்னிடம் வந்த மிக்ஸே (குரலையும் கருவிகளையும் ஒன்றுகலந்த பதிவு) ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருந்தது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அதே குழுவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறத்தாழக் காதில் விழாததும் வாசித்த ஜேசன் நியூஸ்டெட்டின் குறை அன்று, மிக்ஸிங்கில் எடுக்கப்பட்ட முடிவு. தயாரிப்பு, மிக்ஸிங், மாஸ்டரிங் ஆகியவை மூன்று தனி வேலைகள். சிங்கிள் மட்டும் வந்திருக்கும் நிலையில் யார் எதைச் செய்தார் என்ற முழு விவரம் பெரும்பாலும் வெளியாகியிருக்காது. அதுவரை “குரல் கிட்டாருக்குப் பின்னால் அமுங்கிக் கிடக்கிறது” என்று கேட்டதை மட்டும் சொல்வது போதும்.

பாடல் வரிகளில் இரண்டு தவறுகள் சேர்ந்தே நிகழ்கின்றன. அதிகாரப்பூர்வமான வரிகள் வருமுன் காதால் கேட்டு எழுதிய வரிகளே பரவுகின்றன. தவறாகக் கேட்ட ஒரு சொல்லின் மேல் ஒரு முழு விளக்கமே கட்டி எழுப்பப்படுகிறது. பிறகு அந்த விளக்கம் பாடகரின் மணவாழ்க்கைக்கும் குடும்பத்துக்கும் போய்விடுகிறது. பாடுபவர்தான் எழுதினார் என்பதற்கு என்ன உறுதி? ரஷ் குழுவில் கெடி லீ பாடிய வரிகளில் பெரும்பாலானவை டிரம்ஸ் கலைஞர் நீல் பேர்ட் எழுதியவை. பாடுபவரே எழுதியிருந்தாலும், பாடலில் பேசுபவர் அவரே என்பது கட்டாயமில்லை. தி போலீஸ் குழு 1983 மே மாதத்தில், ஆல்பத்துக்கு முன்னதாக வெளியிட்ட ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாடலை எண்ணற்றோர் இனிய காதல் பாடலாகவே எடுத்துக்கொண்டார்கள். அது விடாமல் கண்காணிக்கும் பொறாமையைப் பற்றியது என்று, அதை எழுதிப் பாடிய ஸ்டிங் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

லீக் ஆன பதிவுகளைப் பகிர வேண்டாம் என்பதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. முடிவடையாத வேலையை வெளியே இழுத்துப்போடும் உரிமை ரசிகருக்கு இல்லை. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் ஓர் ஆங்கிலக் குழு, செயற்கை நுண்ணறிவால் ஒயாசிஸ் குழுவின் பாடகர் லியாம் கல்லகரின் குரலை உருவாக்கி, அந்தக் குழுவின் பாணியில் ஒரு தொகுப்பையே வெளியிட்டது. அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்தார்கள். சொல்லாமல் செய்பவர்களும் இருப்பார்கள் என்பதால், குழுவின் சொந்தப் பக்கத்தில் இல்லாத எதையும் புதிய பாடலாகக் கொண்டு விவாதிக்காமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் எதைப் பேசுவது? பாடலுக்குள் நடப்பதைப் பேசலாம். “மொக்கை” என்றோ “வெறித்தனம்” என்றோ எழுதிவிட்டால் அடுத்தவர் ஆமாம் அல்லது இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “இரண்டாவது கோரஸ் முடிந்ததும் டிரம்ஸ் பாதி வேகத்துக்கு இறங்குகிறது, இடப்பக்கக் கிட்டார் நின்றுவிட, பேஸ் மட்டும் முதல் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கை) கீழ் ஸ்தாயியில் எடுத்துச் செல்கிறது, குரல் இரண்டு அடுக்காகப் பதிவாகியிருப்பது அந்த இடத்தில்தான் தெரிகிறது.” இதைப் படிப்பவர் உடனே அந்த இடத்துக்குப் போய்க் கேட்பார், ஒருவேளை அது பேஸ் அன்று, சுருதி இறக்கிய கிட்டார் என்று திருத்துவார். ஹெட்ஃபோனில் ஒருமுறை டிரம்ஸை மட்டும், மறுமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் இப்படி எழுத யாராலும் முடியும். இசைப் பயிற்சி தேவையில்லை.

ஆல்பத்தின் பாடல் பட்டியல் வெளியாகும்போது, அதில் அந்தப் பாடலின் நேர அளவைக் கையிலிருக்கும் சிங்கிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தி டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’ 1967-இல் சிங்கிளாக வந்தபோது, ஆல்பத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடிய பாடல் மூன்று நிமிடத்துக்கும் கீழே சுருங்கியது. வெட்டப்பட்டது பெரும்பாலும் ஆர்கன், கிட்டார் சோலோக்கள் (தனி வாசிப்புகள்) தான். பட்டியலில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூடுதலாக இருந்தால், நீங்கள் இதுவரை விவாதித்த பாடலில் இன்னும் கேட்காத பகுதி இருக்கிறது.