பெட்டிக்குத் தோள் கொடுப்பவன்

சபைப் பத்திரிகைக்கு மர்மத் தொடர் எழுதுகிறவள் நான். சபைக் கதையில் கொலை வரலாமா அக்கா என்று, கதை எழுதப் பழகும் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தாராளமாக வரலாம். ஆதியாகமம் நாலாம் அதிகாரத்திலேயே காயீன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். ஆனால் கொலைக்கு ஒரே வசனம்தான். கர்த்தர் முன்னால் எச்சரிப்பதும், பிறகு "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே" என்று விசாரிப்பதும்தான் நீளம். அந்தக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

திகிலுக்கு 2 சாமுவேல் 11ஐப் படியுங்கள். தன்னைச் சாகவிடச் சொல்லித் தாவீது ராஜா எழுதிய கடிதத்தைப் போர்வீரன் உரியாவே சுமந்து போகிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் ஆளை வெட்டப்போகிறீர்களா? கத்தி தீட்டும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கு, அதாவது லயத்து வரிசையில் அடுத்த வீட்டு அறைக்கு, கேட்கட்டும். வெட்டை ஒரு வரியில் முடியுங்கள். காயத்தை அளப்பது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை, நமக்கெதற்கு?

பக்கங்களைச் சாவு வீட்டுக்குக் கொடுங்கள். லயத்துச் சுவருக்கு ஒப்பாரியை மறைக்கத் தெரியாது. தப்பு மேளம் அடிக்க வேண்டும் என்பார்கள் மாமன்மார், ஜெபம் போதும் என்பார்கள் சபைக்காரர். பொலிஸ் வாசலில் நிற்கும்போதே சண்டை மூளும். கொலைகாரனும் பெட்டிக்குத் தோள் கொடுக்கட்டும். மழை பெய்து வழுக்கும் படிக்கட்டு, முன்னால் போகிறவன் செத்தவனின் மகன், பின்னால் பிடித்திருப்பவன் அவன். இதைவிட என்ன பயங்கரம் வேண்டும்? அந்த நேரத்தில் பாஸ்டரைக் கொண்டுவந்து "எல்லாம் தேவ சித்தம்" என்று மட்டும் சொல்லவைக்காதீர்கள். அவரும் வாயடைத்து நிற்கட்டும்.

வில்லனைத் தூக்கில் போட்டுக் கதையை முடிக்கவும் முடியாது. இலங்கையில் மரண தண்டனை விதிக்கிறார்கள், ஆனால் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. ஆக, அவன் உயிரோடு இருப்பான். மன்னிப்பை அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. கண்டி போகம்பறைச் சிறையில் அடைப்பதென்றால் கதை 2014க்கு முந்தியதாக இருக்கட்டும். அதை மூடிப் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். செத்தவனின் பெண்சாதி முதல் தடவை சிறைக்குப் போய்க் கொலைகாரனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு பஸ் ஏறட்டும். ஞானஸ்நானம், பாட்டு எதுவும் அந்த அத்தியாயத்தில் வேண்டாம்.