லண்டன் 50, நாங்கள் 20: இந்த எண்களை எப்படி ஒப்பிடுவது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதின பிள்ளை இருக்கிற வீடு என்றால் இந்தக் கதை கட்டாயம் வரும்: "லண்டனில பாதிப் பிள்ளையள் கம்பஸ் போகினம், இங்க நூற்றுக்கு இருபதுதான்." இங்கிலாந்தின் ஐம்பது, இலங்கையின் இருபது, இரண்டு எண்ணும் பெரிய பிழையில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் பிழை.

முதலில் பகுதியெண்ணை, அதாவது கீழே வகுக்கிற எண்ணைப் பாருங்கள். உயர்தரம் எழுதியவர்களால் வகுத்தார்களா, தகுதி பெற்றவர்களாலா, அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோராலுமா? முதல் இரண்டிலும் ஓ.எல்லோடு (சாதாரண தரத்தோடு) நின்ற பிள்ளை கணக்கிலேயே இல்லை. அமெரிக்காவின் 62 வீதமும் (2022) இந்த வகைதான்: அந்த வருடம் உயர்பள்ளியை முடித்தவர்களில் ஒக்டோபருக்குள் கல்லூரியில் சேர்ந்தவர்கள்.

அப்புறம் மேலே இருக்கிற எண். நம்முடைய இருபது சொச்சம் யுனெஸ்கோவின் மொத்தச் சேர்வு வீதம். அது புதிதாகச் சேர்ந்தவர்களை எண்ணுவதில்லை. எந்த வயதானாலும், எத்தனையாம் வருடமானாலும், பதிவில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டி, பள்ளி முடிக்கும் வயதுக்கு அடுத்த ஐந்து வருட வயதினரின் தொகையால் வகுக்கிறது. அதனால்தான் கிரேக்கமும் துருக்கியும் 100ஐத் தாண்டி நிற்கின்றன. கிரேக்கத்தில் பட்டம் முடிக்காமல் வருடக்கணக்காகப் பதிவில் கிடப்பவர்கள் ஏராளம், துருக்கியில் தொலைக்கல்விக் கூட்டம்.

லண்டன்காரரின் 50 வேறு கணக்கு. 1999இல் அப்போதைய பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேயர் வைத்த இலக்கு அது, இங்கிலாந்து அதை 2017-18இல்தான் தாண்டியது. 30 வயதுக்குள் ஒருமுறையாவது உயர்கல்வியில் சேரக்கூடியவர்கள் எத்தனை வீதம் என்பதே கேள்வி, டிப்ளோமாக்காரரும் அதில் உண்டு. அதோடு நம்முடைய அரச கம்பஸ் அனுமதியை மட்டும் வைத்துப் பார்த்தால் நியாயமா? எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா), திறந்த பல்கலைக்கழகம், காலி வீதியோரத்துத் தனியார் பட்டப்படிப்பு எல்லாம் எங்கே போயின?

சென்னைச் சொந்தக்காரர் இந்தியாவின் 28.4ஐக் (2021-22) கொண்டு வந்தால், அது 18 முதல் 23 வரை, ஆறு வருட வயதினரால் வகுத்தது என்று சொல்லுங்கள். யுனெஸ்கோ முறையில் ஐந்து வருட வயதினரால் வகுத்தால் வீதம் இன்னும் ஏறும்.

கடைசியாக, வெளிநாட்டு மாணவர்கள். இங்கிருந்து மெல்பேர்ண் போய்ப் படிக்கிற பிள்ளை யுனெஸ்கோ கணக்கில் அவுஸ்திரேலியாவின் தலைதான், நம்முடையதல்ல. ஓஈசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு) அட்டவணைகளில் வெளிநாட்டு மாணவரைக் கழித்த நிரல் தனியாக இருந்தால் அதையே எடுங்கள்.